வலி தெரியாத காப்பி

விமலாவுக்கு முப்பத்தைந்து வயது நிறைய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. போன வாரம் வந்த கடிதத்தை அவள் எத்தனை முறை பிரித்துப் படித்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். போர்ட்டிக்சன் பக்கம் ஒரு கம்பெனியில் துணைப் போலீஸ் வேலை. முப்பத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்கள். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. வரும் சனிக்கிழமை காலை சிரம்பான் திடலில் இரண்டாயிரத்து நானூறு மீட்டரைப் பதினான்கு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஓடிவிட்டால் வேலை, வேலையோடு குடியிருக்க ஒரு வீடு.

அந்த வீடுதான் பெரிய விஷயம். பெடாஸுக்கு உள்ளே இருக்கும் புக்கிட் செராய் தோட்டம் கைமாறிவிட்டது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விமலாவின் கணவன் சத்தியசீலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். புது முதலாளிக்குச் சொந்த லோரியும் இருக்கிறது, சொந்த ஆளும் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் மாமியார் ராக்கம்மா, "இந்த லயத்துல பொறந்தவ நான். என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டதோடு போன அத்தியாயம் முடிந்தது. கதவை மறுநாளே திறந்துவிட்டாள். பேச்சைத்தான் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு மருமகளுக்குக் காப்பி மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

காப்பி யோசனை விமலாவின் தம்பி தர்மராஜுடையது. லுக்குட்டில் ஒரு ஜிம்மில் இரும்பைத் துடைக்கும் வேலைக்குப் போய், மூன்றே வருஷத்தில் மாஸ்டர் என்று கூப்பிட வைத்துக்கொண்ட கெட்டிக்காரன். "ஓடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன பாலில்லாம கெட்டியா கோப்பி ஓ குடிக்கா. களைப்பும் வலியும் பாதிதான் தெரியும்" என்று போனில் சொன்னான். மாத்திரையாகவே கிடைக்கும், வாங்கி வரவா என்றும் கேட்டான். "மாத்திரை கீத்திரையெல்லாம் வேணாம். காப்பின்னா வீட்டுப் பொருளு" என்று விமலா வெட்டிவிட்டாள்.

மூன்று வாரம் குடித்தாள். பதினைந்து நிமிடம் பத்து நொடியாக இருந்த ஓட்டம் பதிமூன்று நாற்பதுக்கு வந்தது. தர்மராஜின் தலைக்கனம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

வியாழக்கிழமை காலை கடைசி ஓட்டம். நாளைக்கு ஓய்வு, மறுநாள் தேர்வு என்று ஏற்பாடு.

பழைய ஸ்டோரிலிருந்து பாலம் வரை செம்மண் சாலை அறுநூறு மீட்டர். இரண்டு முறை போய்த் திரும்பினால் கணக்குச் சரி. சத்தியசீலன் மோட்டாரை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஒரு கையில் கைப்பேசி.

"ரொம்ப இழுக்காத. சும்மா ஒரு ஓட்டம்."

"நீங்க டைம் மட்டும் பாருங்க."

முதல் முறை பாலத்தைத் தொட்டபோதே தலை கனத்தது. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய தலைவலி. தூங்கினால் போய்விடும் என்று நினைத்தாள், போகவில்லை. ஸ்டோருக்குத் திரும்பி மறுபடி பாலத்தைப் பார்த்து ஓடும்போது இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி, சூடான கரண்டியை வைத்து அழுத்தினாற்போல் ஒரு வலி பிடித்தது.

புது வலி இல்லை. இத்தனை நாளும் மத்தியானத்துக்கு மேல் அடுப்படியில் நிற்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஓடினால் சதை வலிக்கத்தானே செய்யும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஓடும்போதே அது கூட வந்தது இன்றைக்குத்தான்.

கடைசி அறுநூறு மீட்டரை அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது. நொண்டாமல் வந்து சேர்ந்தாள், அவ்வளவுதான்.

சத்தியசீலன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எவ்ளோ?"

"விடு. சனிக்கிழமைதான முக்கியம்."

"எவ்ளோங்க?"

"பதினஞ்சு இருபத்தாறு."

விமலா ஸ்டோர் சுவரில் சாய்ந்தாள். காப்பி தொடங்குவதற்கு முன்னால் இருந்ததைவிடவும் மோசம். நாள் கணக்கு, வீட்டுக் கணக்கு, வயசுக் கணக்கு எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறிக்கொண்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

"காப்பி குடிச்சதான?"

"குடிச்சேன். அத்தை போட்டது. முக்கால் பிளாஸ்க்."

"அப்ப ஏன் இப்படி?" என்றான் அவன். அவளைக் கேட்டானா, தன்னையே கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை. "வா, நஸீமாகிட்ட காலைக் காட்டிட்டு வருவோம்."

பெடாஸில் மதார் மைதீன் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் அவர் மகள் நஸீமா பிசியோ அறை வைத்திருக்கிறாள். கீழே ரொட்டி தட்டும் சத்தம், மேலே கால் வலிக்காரர்களின் முனகல். மனைவியைப் படியில் ஏற்றிவிட்டுச் சத்தியசீலன் லோரிக்கு ஓடினான்.

நஸீமா விமலாவின் காலைத் தன் மடியில் வைத்து, முன்னெலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினாள். விமலா பல்லைக் கடித்தாள்.

"எத்தனை நாளா இருக்குக்கா?"

"ரெண்டு மூணு வாரம்."

"ரெண்டா, மூணா?"

விமலாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் காலைப் பற்றித் தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டுங்க."

குதித்தாள். வலித்தது, ஆனால் நிற்க முடிந்தது.

"ஓடிட்டு வர்ற சதை வலின்னா ரெண்டு மூணு நாள்ல போயிரும். இது சதை இல்லக்கா. எலும்பைச் சுத்தி சவ்வு மாதிரி ஒண்ணு இருக்கு, அது இழுபட்டுப் புண்ணாயிருக்கு. இப்ப ஒரு ஜாண் நீளத்துக்கு வலிக்குது. அது வரைக்கும் பரவால்ல. வலி சுருங்கி ஒரே எடத்துல, விரல் நுனி அளவுக்கு வந்து குத்துச்சுன்னா எலும்புல கீறல் விழுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஓடினா எலும்பே ஒடையலாம்." கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள்: "என்னைக் கேட்டா ஒரு மாசம் ஓடக் கூடாது."

"நாளன்னிக்கு டெஸ்ட்டு நஸீமா. அடுத்த மாசம் எனக்கு வயசு தாண்டிரும்."

நஸீமா அவளை உட்கார வைத்துக் காலை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "வலிக்கு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"காப்பிதான்." விமலா தம்பியின் வைத்தியத்தைச் சொன்னாள்.

"தம்பி பொய் சொல்லல. காப்பி ஓட்டத்துக்கு ஒதவும். களைப்பையும் வலியையும் கொஞ்சம் அமுக்கி வைக்கும். ஆனா புண்ணை ஆத்தாது. புண்ணு அங்கயேதான் இருக்கும், நீங்க அது மேலயே ஓடிக்கிட்டு இருப்பீங்க."

"அப்ப காப்பி குடிச்சா அந்தக் குத்து எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கம்மியா தெரியும். லேட்டா தெரியும்." நஸீமா காலைக் கீழே வைத்தாள். "ஓடித்தான் ஆகணும்னா ஒண்ணு மட்டும் கேளுங்க. அது குத்துன நிமிஷமே நின்னுடணும். பத்தடி கூட வைக்கக் கூடாது."

விமலா தலையாட்டினாள். எழுந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டபோது நஸீமா கேட்டாள்: "தலைவலியா? காப்பிய நிறுத்திட்டீங்களா?"

"இல்லியே. நேத்தும் குடிச்சேன், இன்னைக்கும் குடிச்சேன்."

"தெனம் அவ்ளோ குடிச்சிட்டு சட்டுன்னு நிறுத்தினா இப்படித்தான் தலைய வலிக்கும், ஒடம்பு அசந்து போகும். நிறுத்தலன்னா வேற எதுவாச்சும் இருக்கும். தண்ணி நெறைய குடிங்க."

தோட்டத்துக்கு மீன் கொண்டு போகும் வேனில் இடம் கிடைத்தது. மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் விமலாவுக்கு அந்த ஒரு வாக்கியமே ஓடியது. சட்டென்று நிறுத்தினால்தான் இப்படி வலிக்கும். ஆனால் அவள் நிறுத்தவில்லையே.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் பச்சை பிளாஸ்கைத் திறந்தாள். அடியில் ஒரு மடக்கு மிச்சம். வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். நிறம் கறுப்புதான். குனிந்து மோந்தாள். கருகிய சர்க்கரை வாசம், அதற்குப் பின்னால் பாசார் மாலம் இரவுச் சந்தையில் வறுக்கும் சோளத்தின் வாசம்.

இந்த வாசம் இந்தக் குடும்பத்துக்குப் புதிது இல்லை. மாமனார் முனியாண்டிக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தபோது டாக்டர் காப்பியை நிறுத்தச் சொன்னார். காப்பி இல்லாமல் இருப்பதற்குச் செத்துப்போகலாம் என்றார் முனியாண்டி. ராக்கம்மா சண்டைக்குப் போகவில்லை. சோளத்தைக் கறுக்க வறுத்து, சர்க்கரை போட்டுக் கருக்கி, இடித்துக் காப்பி டின்னில் கொட்டி வைத்துவிட்டாள். நாலு வருஷம், சாகும் வரை, அந்த மனுஷன் சோளத்தைக் குடித்துவிட்டு, "எங்க வீட்டுக் காப்பி மாதிரி எங்கயும் வராது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினார். லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. விமலாவும் சிரித்தவள்தான்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ராக்கம்மா பின்வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விமலா தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இது என்ன?"

"காப்பி."

"குடிங்க."

ராக்கம்மா தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சோளம்," என்றாள்.

"எத்தனை நாளா?"

"நேத்தும் இன்னைக்கும்."

"எதுக்கு? இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கா? நான் தோத்துட்டா எங்கயும் போகவேணாம்னு கணக்குப் போட்டீங்களா?" விமலா தட்டை இன்னும் முன்னால் தள்ளினாள். "வீடு நம்மளுது இல்ல அத்தை. நான் ஓடினாலும் ஓடாட்டியும் மாசக் கடைசில வெளிய தள்ளத்தான் போறாங்க. பன்னெண்டு வருசமா ஒரே சட்டில சாப்பிட்டுட்டு, இப்படியா பண்ணுவீங்க?"

ராக்கம்மா வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கினாள். வலது முழங்கால் பக்கவாட்டில் திருகினாற்போல் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக விமலா பார்க்கிற கால்தான். எப்படி ஆனது என்று அவள் கேட்டதில்லை.

"பால்மரம் சீவுன காலத்துல எம்சி லீவே எடுக்காத பொம்பளன்னு எனக்குப் பேரு. காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் எடுக்க மண்டோர் பேரைக் கூப்புடுறதுக்குள்ள மூணு கோப்பை கோப்பி ஓ குடிச்சிடுவேன். குடிச்சா காலு இருக்கிறதே தெரியாது. வலி போயிருச்சு, சரியாயிருச்சுன்னு நெனச்சுக்குவோம். எல்லாரும் அப்படித்தான். ஒருநா தோள்ல காண்டாக் கம்பு வச்சு ரெண்டு வாளிப் பாலோட தண்ணி ஓடுற கானைத் தாண்டினேன். முட்டி மடங்கிப் போச்சு."

அவள் முழங்காலைத் தடவினாள்.

"ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு, எப்பலேர்ந்து வலிக்குதுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. முழிச்சேன். ரொம்ப நாளா உள்ளாறயே கிழிஞ்சிக்கிட்டு இருந்திருக்குன்னாரு."

விமலாவுக்கு நஸீமாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. ரெண்டா, மூணா?

"செவ்வாக்கெழமை மத்தியானம் நீ கூடத்துல படுத்திருந்த. கால்ல வீக்கம் தெரிஞ்சுது. லேசா அமுக்கினேன். தூக்கத்துலயே காலை இழுத்துக்கிட்டு அழுத. முழிச்சதும் ஒண்ணுமில்லன்ன. சாயங்காலம் தர்மராஜுகிட்ட போன்ல, இன்னும் ரெண்டு கரண்டித் தூளு கூடப் போடச் சொல்லப்போறேன்னு பேசுன." ராக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். "காப்பியப் புடுங்கினாத்தான் ஒனக்கு வலிக்கும். வலிச்சாத்தான் நீ காலைப் பாப்ப."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நிறுத்தியிருப்பியா?"

விமலா யோசித்தாள். "மாட்டேன்."

"இன்னொண்ணும் சொல்லிடுறேன். நீ ஓடாம இருந்தா நல்லதுன்னும் ஒரு ஓரத்துல நெனச்சேன். இந்த வாசலை விட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரல. அது பொய்யில்ல. ரெண்டும்தான் இருந்துச்சு."

கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இத்தனை வருஷத்தில் மாமியார் தன்னிடம் இவ்வளவு நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை என்பது விமலாவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலையும் நீட்டிக்கொண்டாள். இரண்டு வீங்கின கால்கள் பின்வாசலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நஸீமா சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"ஓடப்போறியா?"

"ஓடுவேன். ஆனா அந்தக் குத்து எனக்கு ஒடனே தெரியணும். தெரிஞ்சா நின்னுடுவேன். வீடு இல்லாட்டி எங்கயாவது வாடகைக்குப் போவோம், காலு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" பிறகு சொன்னாள்: "சனிக்கெழமை சோளமே போடுங்க. வயித்துக்குச் சூடா ஏதாச்சும் வேணும். ஆனா என் கண்ணு முன்னால போடணும். இனிமே எனக்குத் தெரியாம என் கோப்பைல ஒண்ணும் விழக் கூடாது."

"சரி."

"அவர்கிட்ட எதையும் சொல்லாதீங்க. காலு விசயம் தெரிஞ்சா ஓடவே விடமாட்டாரு. காப்பி விசயம் தெரிஞ்சா ஒங்ககிட்ட பேசமாட்டாரு. நஸீமா சதைப் பிடிப்புன்னு சொன்னான்னு மெசேஜ் போட்டுட்டேன்."

"சொல்லல."

"சத்தியமா?"

ராக்கம்மா வெங்காயக் கையோடு மருமகளின் தலையில் கை வைத்தாள்.

ஆறரை மணிக்குச் சத்தியசீலனின் மோட்டார் சத்தம் கேட்டது. தோட்டத்துப் பக்கமிருந்து வரவேண்டியவன் பெரிய சாலைப் பக்கமிருந்து வந்தான். விமலா கூடத்தில் காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சதைப் பிடிப்புதான?"

"ஆமாங்க. நாளைக்கு ஓய்வெடுத்தா சரியாயிரும்னா."

"அப்ப பயப்படாத. சனிக்கெழமை நீ பறக்கப் போற பாரு."

அவன் பேச்சில் காலையில் இல்லாத தெம்பு இருந்தது. அந்தத் தெம்பு லுக்குட்டிலிருந்து வந்தது. லோரியை நிறுத்தியதும் அவன் நேராக மச்சானைப் பார்க்கப் போய்விட்டான். ஒடம்புக்குக் காப்பி பழகிப்போச்சு மச்சான், அதான் வேலை செய்யல என்றான் தர்மராஜ். ஒரு மாத்திரை ரெண்டு கோப்பைக் காப்பிக்குச் சமம், ரெண்டைப் பொடி பண்ணிக் காப்பியில் கலந்தால் கசப்புக்குக் கசப்பு சரியாகிவிடும், அக்காவுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள், சொல்லாதீர்கள் என்றும் சொல்லிக் கொடுத்தான். மனைவி தோற்று நிற்பதைப் பார்க்கச் சத்தியசீலனுக்குத் தெம்பில்லை. தன்னால் ஒரு வீடு கொடுக்க முடியவில்லை என்பது வேறு காலையிலிருந்து அவனைத் தின்றுகொண்டிருந்தது. வாங்கிக்கொண்டான்.

அடுப்படிக்கு வந்து தாயின் கையிலிருந்த பச்சை பிளாஸ்கைப் பார்த்தான்.

"அதைக் குடுங்கம்மா, நான் கழுவுறேன். சனிக்கெழமை நீங்க காப்பியப் போட்டு மட்டும் வைங்க. திடல்ல நானே ஊத்திக் குடுத்துக்கிறேன்."

பிளாஸ்க் கழுவுகிற ஆள் இல்லை அவன். ராக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கை நீட்டியபோது அவன் சட்டைப் பையில் ஏதோ சரசரத்தது.

"பையில என்னடா?"

"பனடோல்."

"யாருக்குத் தலைவலி?"

"எனக்குத்தான்," என்றான் அவன், எங்கோ பார்த்துக்கொண்டு.

ராக்கம்மா மகனின் முகத்தையே பார்த்தாள். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் நாலு வருஷம் அவன் கோப்பையில் கைவைத்தவள் அவள். அந்த வேலைக்குத் தயாராகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ காலு சதைப் பிடிப்பு இல்லடா என்று சொன்னால் போதும். அதைச் சொல்லமாட்டேன் என்று மருமகளின் தலையில் வைத்த கையில் வெங்காய வாசம்கூட இன்னும் போகவில்லை.

கூடத்திலிருந்து விமலா தண்ணீர் கேட்டாள். ராக்கம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

சத்தியசீலன் பிளாஸ்கை மூன்று முறை கழுவி, துணியால் உள்ளே துடைத்து, சனிக்கிழமைக்காகத் தட்டுக் கூடையில் கவிழ்த்து வைத்தான்.